கொசுவைக் கணக்கெடுத்த மனிதர்



நாம் இப்போது குடியிருப்பது பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள ஓர் அடுக்குமாடியில். தோட்டங்கள் கைமாறித் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, செபராங் பிறையிலிருந்தும் கெடாவிலிருந்தும் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்த குடும்பங்கள் நம்மைச் சுற்றி நிறைய உண்டு. டிங்கிக் காய்ச்சல் கண்டுவிட்டால் சுகாதார ஊழியர்கள் புகையடிக்கும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார்கள். கதவு சன்னலைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் வந்து நிற்கும்போது பெரியவர்கள் சொல்வதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இத்தனை கோடிக் கொசுவை யாரால் ஒழிக்க முடியும், எல்லாம் தலையெழுத்துத்தான் என்பார்கள். தோட்டத்தில் இன்னும் லயத்தில் வாழும் நம்மவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

இது இன்று நேற்றுக் கிளம்பிய பேச்சல்ல. நூறு ஆண்டுக்கு முன்னே பெரிய பெரிய அதிகாரிகளும் டாக்டர்களும் இதையேதான் சொன்னார்கள். அவர்களுக்கு ஒரு மனிதர் காகிதமும் பென்சிலும் கொண்டு பதில் சொன்னார். எல்லாக் கொசுவையும் கொல்ல வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தால் போதும், நோய் தானாகவே தேய்ந்து போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அவர்தான் ஸர் ரொனால்டு ராஸ். அவருடைய வாழ்க்கையை நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? அவர் போட்ட கணக்கில் அடங்கிய உயிர்களில் நம் பாட்டன் பாட்டிமாரின் உயிர்களும் உண்டு, அதனால்தான்.

ராஸ் 1857ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தார். மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தகப்பனார் இந்தியப் படையில் பெரிய அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் இவரே மூத்தவர். எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பையனுக்கோ ஓவியம் தீட்டவும், கவிதையும் கதையும் எழுதவும்தான் ஆசை. தகப்பனாரோ டாக்டர் படிப்புத்தான் என்று ஒரே பிடியாக நின்றார். 1874இல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள்.

மனமில்லாமல் படித்த படிப்பு எப்படி இருக்கும்? ஒரு தேர்வில் தேறினார், இன்னொன்றில் தவறினார். கொஞ்ச காலம் கப்பலில் டாக்டராக ஓடினார். மறுபடி எழுதித் தேறி, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். அங்கே ஓய்வு நேரம் ஏராளம். அந்த நேரத்தில் அவருக்குப் பிடித்த பித்து ஒன்று உண்டு. அதுதான் கணிதம்! ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை, புத்தகத்தை வைத்துக்கொண்டு தாமாகவே படித்தார். கணக்குக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது. பிற்காலத்தில் அந்தப் படிப்புத்தான் கைகொடுத்தது.

1883இல் பெங்களூருக்கு மாற்றினார்கள். குடியிருந்த பங்களாவில் கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை. தேடிப் பார்த்ததில், சன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிவதைக் கண்டார். தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்துவிட்டது. மற்ற இடங்களிலும் இப்படியே செய்யலாமே என்று மேலதிகாரியிடம் சொல்லப்போனால், அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள உறவு அப்போது யாருக்கும் தெரியாது. சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றுத்தான் காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பியிருந்த காலம் அது.

1880இல் லவரான் என்ற பிரெஞ்சு டாக்டர் மலேரியா நோயாளியின் இரத்தத்தில் கிருமியைக் கண்டிருந்தார். ஆனால் அது ஒருவர் உடம்பிலிருந்து மற்றவர் உடம்புக்கு எப்படிப் போகிறது? 1894இல் ராஸ் விடுப்பில் லண்டன் சென்றபோது, பாட்ரிக் மேன்சன் என்ற மூத்த டாக்டர் அந்தக் கிருமியை உருப்பெருக்கியில் காட்டி, கொசுவின் மேல் தமக்குள்ள சந்தேகத்தையும் சொல்லி அனுப்பினார். அடுத்த ஆண்டு செகந்திராபாத் திரும்பிய ராஸ், கொசுவை அறுத்து அறுத்துப் பார்க்கத் தொடங்கினார். மாதக்கணக்கில் ஒன்றும் அகப்படவில்லை. 1897இல் நீலகிரிக்குப் போனபோது சீகூர் மலைச்சரிவில் அவருக்கே மலேரியா பிடித்துக்கொண்டது.

செகந்திராபாத்தில் ஹுசேன்கான் என்றொரு நோயாளி. தம்மைக் கடிக்கவிட்ட ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா வாங்கிக்கொண்டார். அந்தக் கொசுக்களை வைத்துக்கொண்டு, 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் ராஸ் விடை கண்டார். புள்ளிச் சிறகுள்ள அனோபிலிஸ் வகைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்ந்துகொண்டிருந்தது! அந்த நாளைத்தான் உலகக் கொசு நாள் என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்துச் சோதித்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து, கடிக்கும்போது அடுத்த உடம்புக்குள் இறங்குகிறது என்பதையும் காட்டினார். அதே 1898இல் இத்தாலியில் கிராஸியும் அவருடைய கூட்டாளிகளும் மனித மலேரியாவிலும் அப்படியே நடப்பதை மெய்ப்பித்தார்கள். யார் முந்தி என்று ராஸுக்கும் கிராஸிக்கும் எழுந்த சண்டை கடைசிவரை தீரவில்லை. ராஸ் பெரிய கோபக்காரர். அதை நாம் மறைக்கப் போவதில்லை.

1899இல் இந்திய வேலையை விட்டு, லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காலத்தில் அவரிடம் பாடம் கேட்டவர்களில் நம் பினாங்குக்காரர் ஒருவரும் உண்டு. 1879இல் இந்தத் தீவில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் சென்ற டாக்டர் வூ லியன் தே அவர். 1910-11இல் மஞ்சூரியாவில் கொள்ளை நோய் பரவியபோது, துணி முகமூடி அணியச் செய்து அதை அடக்கியவர் அவர்தான். 1960இல் பினாங்கிலேயே காலமானார்.

பரிசு கிடைத்துவிட்டது, பேரும் புகழும் வந்துவிட்டது. அத்தோடு ராஸ் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கொசுதான் காரணம் என்று கண்டுபிடித்தாயிற்றே, பிறகு ஏன் கொசுவைக் குறைக்க மறுக்கிறீர்கள் என்று அரசாங்கங்களோடு மல்லுக்கு நின்றார். அவர்களோ லாகூருக்குப் பக்கத்தில் உள்ள மியான்மீர் பட்டாளத்து முகாமைச் சுட்டிக்காட்டினார்கள். அங்கே கால்வாயை மூடியும் மருந்து கொடுத்தும் பார்த்தார்கள், பலன் இல்லை என்று எழுதிவிட்டார்கள். ஒரு பக்கம் கொல்லக் கொல்ல மறு பக்கமிருந்து கொசு பறந்து வந்துவிடுகிறதே, எல்லாவற்றையும் ஒழிப்பது நடக்கிற காரியமா என்பதுதான் அவர்கள் வாதம்.

இதற்கு மறுமொழியாக நம் மலாயாவிலேயே ஒரு காரியம் நடந்தது. 1901இல் கிள்ளானுக்கு மால்கம் வாட்சன் என்ற இளம் டாக்டர் வந்தார். ஊரெங்கும் காய்ச்சல். அந்த ஆண்டு திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையே மூடவேண்டிய நிலை. ராஸின் கண்டுபிடிப்பை நம்பி, சதுப்பைத் தூர்த்து, கால்வாய் வெட்டி, தேங்கிய நீரை வடித்தார் வாட்சன். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் காய்ச்சலால் மாண்டவர்கள் 368 பேர். 1902இல் 59 பேர். எண்ணிக்கையைப் பாருங்கள்! பிறகு வாட்சன் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனார். கரையோரச் சதுப்புக் காட்டில் நிழலை விரும்பும் கொசு ஒன்று, மலைத் தோட்டத்தில் காடு வெட்டி வெயில் பட்ட ஓடையில் பெருகும் கொசு வேறொன்று என்று கண்டார். ஒரு தோட்டத்துக்கு மருந்தான காரியம் மற்றதற்கு நஞ்சாகும் என்பதைப் பாடுபட்டுத்தான் கற்றார்கள். மலைத் தோட்டங்களில் நிலத்தடிக் குழாய் பதித்தார்கள், தண்ணீர் மேல் எண்ணெய் தெளித்தார்கள். வாட்சன் 1911இல் இதையெல்லாம் புத்தகமாக எழுதியபோது முன்னுரை வழங்கியவர் ராஸ்.

தோட்டத்தில் இவையெல்லாம் நடந்தது துரைமாரின் தயவால் மட்டுமா? இல்லை. கடல் கடந்து ஆள் கொண்டுவரச் செலவாகிறது, வந்த ஆள் காய்ச்சலில் படுத்தால் பால் வெட்ட ஆளில்லை. அந்த நட்டக் கணக்குத்தான் அவர்களை அசைத்தது. மண்வெட்டி பிடித்தவனும், எண்ணெய் டின் சுமந்தவனும் தொழிலாளி. அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இனி ராஸ் போட்ட கணக்குக்கு வருவோம். 1907 இறுதியில் அவரை மொரீசியஸ் தீவுக்கு அழைத்தார்கள். அது கரும்புத் தோட்டத் தீவு. 1834 முதல் பீகாரிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட நம்மவர்கள் உழைத்த மண். 1860களில்தான் அங்கே மலேரியா நுழைந்தது, 1867இல் பல்லாயிரம் பேரை வாரிக்கொண்டு போனது. ராஸ் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கி, ஊர் ஊராகப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் செய்து, மண்ணீரல் வீங்கிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணினார். எந்த ஊரில் நோய் எவ்வளவு என்பதற்கு அதுவே அளவுகோல். அந்த அறிக்கையில்தான் கொசுக் கணக்கையும் எழுதினார்.

கணக்கு நமக்குப் புரியாததல்ல, பெரட்டில் பேர் எண்ணுவது போலத்தான். ஓர் ஊரில் 1000 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மட்டும் மலேரியா. ஒரு மாதத்தில் அங்கே 48,000 அனோபிலிஸ் கொசு. எல்லாக் கொசுவும் மனிதனைக் கடித்துவிடுவதில்லை, நான்கில் ஒன்றுதான் கடிக்கும் என்றால் 12,000. அவை 1000 பேர் மேலும் பரவிக் கடித்தால், அந்த ஒரு நோயாளியைக் கடிப்பவை 12. கொசுவின் உடம்புக்குள் கிருமி முதிரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அதுவரை உயிரோடிருப்பது மூன்றில் ஒன்று என்றால் 4. அந்த நான்கில் மறுபடி ஒரு மனிதனைக் கடிப்பது நான்கில் ஒன்று. மிச்சம் எத்தனை? ஒன்றே ஒன்று! ஆக, 48,000 கொசு இருந்தால்தான் மாதத்துக்கு ஒரு புதிய நோயாளி.

இதற்கு எதிராக இன்னொரு பக்கமும் உண்டு. பழைய நோயாளிகள் மெல்ல மெல்லக் குணமாகிக்கொண்டே வருவார்கள். எல்லா நோயாளியின் இரத்தமும் எந்நேரமும் கொசுவுக்குக் கிருமியைக் கொடுத்துவிடுவதும் இல்லை. இவற்றையும் சேர்த்துப் பிற்பாடு கணக்கிட்டபோது, தாம் எடுத்துக்கொண்ட அளவுகள்படி, தலைக்கு ஏறக்குறைய 40 கொசு என்பதுதான் எல்லைக்கோடு என்று கண்டார். அதற்கு மேலே போனால் நோய் நிலைத்து நிற்கும். அதற்குக் கீழே இறங்கினால் புதிதாகப் படுப்பவர்களைவிட எழுந்து நடப்பவர்கள் அதிகமாகி, நோய் தேய்ந்து தேய்ந்து மறையும். கடன் வட்டி மாதிரி என்று வையுங்கள். வட்டியைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிக்கொண்டே வந்தால் போதும், கடன் ஒருநாள் தீர்ந்துவிடும். ஒரே நாளில் முழுவதும் கட்டவேண்டும் என்பதில்லை.

இந்த எல்லைக்கோடு ஊருக்கு ஊர், கொசுவுக்குக் கொசு மாறும். ஆனால் அப்படி ஒரு கோடு உண்டு என்பதுதான் பெரிய செய்தி. எல்லாவற்றையும் ஒழிக்க முடியாது, ஆகவே ஒன்றும் செய்யவேண்டாம் என்ற வாதம் அத்தோடு அடிபட்டுப் போயிற்று.

1910இல் மலேரியாத் தடுப்பு பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். 1911இல் ஸர் பட்டம் கிடைத்தது. 1916, 1917 ஆண்டுகளில் எந்தத் தொற்று நோய்க்கும் பொருந்தும்படி அந்தக் கணிதத்தை விரித்து எழுதினார். அதில் கூட்டாக உழைத்தவர் ஹில்டா ஹட்ஸன் என்ற கணிதம் கற்ற பெண்மணி. ராஸோடு 1901இல் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் போன மெக்கெண்ட்ரிக் என்ற டாக்டர், பிறகு கெர்மாக் என்பவருடன் சேர்ந்து 1927இல் ஒரு கட்டுரை எழுதினார். தொற்று நோய் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று காட்டும் அந்தக் கணக்கை, 1905-06இல் பம்பாயில் பரவிய பிளேக் மரணங்களோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். உலகமெங்கும் இன்று பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்கள் மேற்படிப்பாகக் கற்று ஆராய்வது இந்த வழியில் வந்த கணிதத்தைத்தான்.

ஆனால் ராஸின் கணக்கை அவர் காலத்து டாக்டர்கள் பலர் கண்டுகொள்ளவில்லை. கண்டுபிடிப்புக்குத் தக்க பலன் தமக்குக் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. 1926இல் லண்டனில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையமும் மருத்துவமனையும் திறந்தார்கள். ஆனாலும் 1928இல் தாம் சேர்த்துவைத்த கடிதங்களையும் காகிதங்களையும் விற்க வேண்டிவந்தது. 1932 செப்டம்பர் 16ஆம் நாள் காலமானார். அந்த நிலையம் 1934இல் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியோடு இணைந்தது.

நம் பாட்டி செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். தம் சிறு வயதில் வயிறு வீங்கிய பிள்ளைகள் லயத்துக்கு லயம் இருந்ததையும், டிரஸ்ஸர் வரிசையில் நிற்கவைத்துக் கசப்பான கொயினா மருந்தைக் கண்ணெதிரே விழுங்கவைத்ததையும் சொல்வார். அவருடைய தங்கை ஒருத்தி அந்தக் காய்ச்சலில்தான் போனாள். பாட்டி அதைச் சாமி குத்தம் என்றே கடைசிவரை நம்பினார். அது சாமி குத்தமல்ல, தேங்கிய தண்ணீரின் குத்தம் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல அன்று ஆளில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்து டிங்கிக் காய்ச்சல் கண்டது. கால்வாயும் உடைந்த தொட்டியும் காரணம் என்றோம். உங்கள் ஆட்கள் சுத்தமில்லை என்று பதில் வந்தது. நாம் சத்தம் போடவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். எந்த வீட்டில், எந்தத் தேதியில், எத்தனை பேருக்குக் காய்ச்சல், அந்த வீட்டுக்கும் தொட்டிக்கும் எத்தனை அடி தூரம் என்று எழுதினோம். ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்பிள்ளை அதைக் கட்டம் போட்டு வரைந்து கொடுத்தாள். தொட்டிக்கு அருகே காய்ச்சல் கூட்டமாக நின்றது கண்ணுக்கே தெரிந்தது. அந்தக் காகிதத்தை மேசையில் வைத்த பிறகு வாதம் நின்றது. அதே வாரம் தொட்டியை அகற்றினார்கள், கால்வாயையும் சரிசெய்தார்கள். கூச்சல் போட்டிருந்தால் நடந்திருக்குமா? எண்ணிக்கை பேசியது!

மலேரியாவில் நம் நாடு வெகுதூரம் வந்துவிட்டது. மனிதரிடமிருந்து கொசு வழியாக மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் பதிவாகவில்லை. குரங்கிலிருந்து வரும் மலேரியாதான், முக்கியமாக சபா, சரவாக் காட்டோரங்களில் வேலை செய்வோரைப் பிடிக்கிறது. ஆனால் டிங்கி போகவில்லை. இந்த நாட்டில் அது முதலில் பதிவானது 1902இல், இதே பினாங்கில். இரத்தம் கசியும் கொடிய வகை முதலில் கண்டதும் 1962இல் இங்கேதான். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு காட்டைத் தேடிப் போவதில்லை. நம் வாளியிலும், பூச்சட்டித் தட்டிலும், பழைய டயரிலும்தான் முட்டையிடுகிறது. ராஸ் பெங்களூரில் கவிழ்த்த தொட்டி நம் வாசலிலேயே இருக்கிறது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, ஒரு நோயாளி எத்தனை பேருக்குத் தொற்றைக் கொடுக்கிறார், அது ஒன்றுக்குக் கீழே இறங்கிற்றா என்று தொலைக்காட்சியில் விளக்கினார்களே, நினைவிருக்கிறதா? அதுவும் ராஸ் காட்டிய எல்லைக்கோட்டின் வழியில் வந்த கணக்குத்தான்.

ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே! வாரம் ஒருமுறை பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி வாருங்கள், தேங்கிய நீரைக் கொட்டுங்கள். ஒரு கொசுகூட மிஞ்சக்கூடாது என்று மலைக்க வேண்டாம், கோட்டுக்குக் கீழே கொண்டுவந்தால் போதும். கால்வாயும் குப்பையும் நம் கையில் இல்லாத இடத்தில், காய்ச்சல் கண்டவர்களை எண்ணி எழுதி வையுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தோடு சங்கத்துக்கு வாருங்கள், நாம் பேசுகிறோம்.

இன்னொன்று. உங்கள் பிள்ளை கணக்கில் கெட்டியாக இருந்தால், அது கிராணி வேலைக்கு மட்டும் உதவும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெலுத்தோங்கை அடுத்த குளுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணிதத் துறையும் உண்டு, கொசு ஆராய்ச்சிப் பிரிவும் உண்டு. வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் உள்ளே அனுப்புங்கள். ஆசிரியர் இல்லாமலே கணிதம் படித்தார் ராஸ். நம் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களும் இருக்கிறார்கள். தொட்டிக்கும் வீட்டுக்கும் இடையே அடி அளந்து கட்டம் வரைந்தாளே, அந்தப் பெண்பிள்ளை இப்போது இடைநிலைப் பள்ளியில் கணிதத்தில் முதலாவதாக வருகிறாள். அவளுடைய பாட்டியும் கசப்பான கொயினாவை விழுங்கி வளர்ந்தவர்தான்.